நூலக மேசைக்கு இந்தப் பக்கம்: பண்பாட்டுப் பணிவு பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

மதுரைக்கு மேற்கே ஒரு கிளை நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் ஊர்ப்புற நூலகர்களைச் சில நாள் என்னோடு உட்கார்ந்து பழகிக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்கள். டீ நேரத்தில் அவர்கள் கேட்டவை, நான் சொன்னவை, அவர்கள் போன பிறகு ‘இப்படிச் சொல்லியிருக்கலாமே’ என்று தோன்றியவை எல்லாம் சேர்ந்தது இது.

பண்பாட்டுப் பணிவு என்கிறார்களே, அது என்ன? எங்கிருந்து வந்தது?

மருத்துவத்திலிருந்து வந்தது. 1998இல் மெலனி டெர்வலான், ஜான் மர்ரே-கார்சியா என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லை முன்வைத்தார்கள். அதில் ஒரு சம்பவம் வரும். அறுவை சிகிச்சை முடிந்து ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண் வலியில் முனகிக்கொண்டிருக்கிறார். அதே சமூகத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், ‘அவருக்கு வலி அதிகம் போலிருக்கிறதே’ என்கிறார். பார்த்துக்கொள்ளும் செவிலியரோ, ‘இந்தச் சமூகத்துக்காரர்கள் வலியைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், நான் வகுப்பில் படித்திருக்கிறேன்’ என்று தட்டிக்கழித்துவிடுகிறார்.

அந்தச் செவிலியர் கெட்டவர் இல்லை, படித்தவர். படித்ததோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். எதிரே படுத்திருந்த ஆளைக் கேட்கத் தோன்றவில்லை. ‘பிறர் பண்பாட்டை நான் கற்றுத் தேர்ந்துவிட்டேன்’ என்ற எண்ணத்துக்கு மாற்றாகத்தான் அந்த இருவரும் இதைச் சொன்னார்கள். சாகும்வரை தன்னைத் தானே சோதித்துக்கொள்வது ஒன்று. இருவருக்கும் நடுவே இருக்கும் அதிகார ஏற்றத்தாழ்வைக் குறைப்பது ஒன்று. தனி ஆள் மட்டும் திருந்தாமல் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. பிறகு நூலகத் துறையினரும் இதை எடுத்துக்கொண்டார்கள். நம் மேசைக்கும் பொருந்தும். ஒரு பக்கம் முத்திரையும் பேரேடும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்க, மறுபக்கம் இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறாரே, அது போதாதா?

‘பணிவு’ என்ற சொல்லே உறுத்துகிறது. கைகட்டி நிற்கச் சொல்வதுபோல் இருக்கிறதே?

எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. நம் ஊரில் பணிவு என்பது எப்போதும் கீழே இருப்பவரிடம் கேட்டு வாங்கப்பட்டது. துண்டை இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் எடு என்றவர்கள் பயன்படுத்திய சொல். அதனாலேயே இதை மேசைக்கு இந்தப் பக்கம் திருப்பி வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனை நாள் வாசகர் காட்டினார், இனி நூலகர் காட்டட்டும். ‘தன்னடக்கம்’ என்று மாற்றலாம் என்றார் ஒரு தம்பி. அதில் கௌரவம் கூடிவிடுகிறது, வேண்டாம்.

நான் யாரிடமும் சாதி, மதம் பார்ப்பதில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன். எனக்கு இது எதற்கு?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்.

ஒரு நாள் உங்கள் வாயை நீங்களே கவனித்துப் பாருங்கள். பேப்பர் படிக்க வருகிற ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் ‘வாங்க சார்’. அவர் வயதே இருக்கும் தூய்மைப் பணியாளரிடம் ‘என்னப்பா, என்ன வேணும்?’. இங்கிலீஷ் மீடியம் சீருடை என்றால் ‘என்ன கண்ணா’, கவர்மென்ட் பள்ளிச் சீருடை என்றால் ‘டேய், சத்தம் போடாத’. சாதி பார்த்துப் பேசினோமா? இல்லை. ஆனால் நாக்கு பார்த்துவிட்டது. நீ, நீங்க என்ற இரண்டே எழுத்து வித்தியாசத்தில் நம் மொழி எதிரே நிற்பவரை எங்கே வைக்கிறோம் என்று காட்டிக்கொடுத்துவிடும். எல்லோருக்கும் ‘நீங்க’ என்பதைச் செலவில்லாமல் நாளையே தொடங்கலாம். குழந்தைகளுக்கும்தான். முதல் வாரம் சிரிப்பார்கள்.

அடுத்தது ‘எந்தத் தெரு?’. முகவரிக்காகக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த ஊரில் தெருவைச் சொன்னால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பையன் படிவத்தில் ‘காலனி’ என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிட்டு ‘பஸ் ஸ்டாண்டு பின்புறம்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை எடுப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது 2025 ஏப்ரலில். அந்தப் பையன் அதற்குப் பல வருடம் முன்பே எடுத்துவிட்டான். நான் இப்போது முகவரியை வாய்விட்டுக் கேட்பதில்லை. படிவத்தைக் கொடுத்து, எழுதி மடித்துத் தரச் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாமல் நூலக நடைமுறையிலேயே ஒளிந்திருப்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

வருகைப் பதிவேடு. வாசலில் ஒரு நோட்டு, நூல் கட்டித் தொங்கும் பேனா. உள்ளே வருகிறவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் காட்ட நமக்கு அது தேவை.

வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேத்தி எழுதிவிட்டாள். அவர் பேனாவைத் தொடவில்லை. எழுதத் தெரியாது போல என்று எனக்கு நானே முடிவுகட்டி, உதவி செய்கிற சந்தோஷத்தில் முத்திரை மையை நகர்த்தி, ‘ரேகை வைங்க தாத்தா’ என்றேன். முகம் அப்படியே மாறிவிட்டது. ‘எங்கப்பன் காலத்துல வச்ச ரேகை போதும் தாயி’ என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் நானே போய்க் கேட்டேன். சொன்னார். 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று பட்டியலிட்டுக் கைரேகை எடுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது, ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள். அந்த ஊர் எங்கள் நூலகத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். நூலக அறிவியலில் பட்டம் வாங்கிய எனக்கு அது தெரியாது. பெரியவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பது பேச்சுவாக்கில் வெளிவந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருக்கிறது. எழுத விரும்பாதவர் ஒரு கோடு போட்டால் போதும். கணக்குக்குக் கோடும் ஒன்றுதான். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி முகம் சுளித்தார், கோடுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உறுப்பினர் சேர்க்கையில் என்ன சிக்கல் வரும்?

முதலில் பெயர். கணினியில் ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் ஆட்களுக்கு ஒரு பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும்தான். கடைசிப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, கார்டு தேய்க்கும்போது ‘முருகேசன்!’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது யார்? கூப்பிட்டது செத்துப்போன அப்பாவை. அம்மா மட்டும் வளர்க்கிற பிள்ளையிடம் ‘இனிஷியல் என்ன, அப்பா பேரு?’ என்று கூட்டத்தில் கேட்பது இன்னும் மோசம். ‘எப்படிக் கூப்பிடணும்?’ என்று கேட்டு அதை எழுதுங்கள். திருநங்கை ஒருவர் வரும்போதும் இதே கேள்வி போதும். ஆதாரில் என்ன இருக்கிறது என்பதை ஊருக்குக் கேட்கும்படி வாசிக்க வேண்டியதில்லை.

அடுத்து, வீட்டு வரி ரசீது, உள்ளூர்க்காரர் ஜாமீன் இதெல்லாம். சொந்த வீடு இருப்பவரை மனதில் வைத்து யாரோ எப்போதோ போட்ட நிபந்தனைகள். சொத்து வரியில் ரூபாய்க்கு பத்து பைசா நூலக வரியாக வருகிறது, அதிலிருந்துதான் நூலகம் நடக்கிறது. வாடகைக்கு இருப்பவரும் வாடகையில் சேர்த்து அதைக் கட்டிவிடுகிறார். சொந்த வீட்டுக்காரரை மட்டும் நம்புவோம் என்பதற்கு என்ன நியாயம்?

வடமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஹிந்திப் புத்தகம் வாங்கிப் போட்டால் சரியா?

நானும் அப்படித்தான் செய்தேன். வாசகர் வட்டத்தில் பேசி, புரவலர் ஒருவர் பணம் தந்து, ஹிந்திப் பத்திரிகை ஒன்று வரவழைத்தோம். மூன்று மாதம் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ‘இவங்க எங்க படிக்கப்போறாங்க’ என்று அலுத்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போன் சார்ஜ் போட வந்த பையனின் திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். வட்ட வட்டமான எழுத்து, ஒடியா. அந்தச் செங்கல் சூளையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். நம்மைப் பார்த்து ஒருவன் ‘மதராஸி’ என்று மலையாளப் பத்திரிகையை நீட்டினால் எப்படி இருக்கும், அதைத்தான் செய்திருக்கிறோம். வாங்குவதற்கு முன் கேட்டிருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும். ‘வடக்கன்’ என்ற சொல்லை ஊழியர்கள் தங்களுக்குள் பேசும்போதும் விட்டுவிடுவது நல்லது. உள்ளே புழங்குகிற சொல் ஒரு நாள் மேசையில் தவறி விழுந்தே தீரும்.

இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களும் தமிழர்கள்தானே, தனியாக என்ன?

தமிழர்தான். அதனால்தான் தவறு செய்வது சுலபமாகிவிடுகிறது. ஒரு அம்மா வாசலில் நின்று ‘வாசிகசாலை இதுதானோ?’ என்றார். எங்கள் ஊழியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை அழகான சொல்! வாசிக்கிற சாலை. அவர் ஊரில் அதுதான் வழக்கு. நாம்தான் ‘லைப்ரரி’ என்கிறோம். ‘கொப்பி’, ‘பேனை’, ‘கதைக்க’ என்பதையெல்லாம் திருத்தப்போகும் ஆசிரியத்தனம் நமக்கு நிறைய. அந்தப் பிள்ளைகளில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் ஒரு தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசிக் களைத்தவர்கள்.

1981 ஜூன் மாதம் பிறக்கிற இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள், சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அந்த அம்மா மாதிரி ஒருவருக்கு நூலக வாசலில் நிற்பது என்ன மாதிரி நினைவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி காட்டிக்கொண்டு அனுதாபப்படவும் வேண்டாம். 2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, நம் பேரேட்டில் இன்னும் பழைய பெயர் இருந்தால் அதை மாற்றுங்கள். மற்றது அவர்கள் பேசும்போது கேட்பது.

அலமாரியில் போடும் எண்ணில் என்ன பண்பாடு இருக்கிறது? எண் எண்தானே?

பல நூலகங்களில் இருப்பது டூயி முறை, புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்குவது. 1876இல் வெளிவந்தது. மதத்துக்கு 200கள். அதில் 220இலிருந்து 289 வரை விவிலியமும் கிறிஸ்தவமும். உலகத்தின் மற்ற மதங்கள் எல்லாம் 290களில் ஒண்டுக்குடித்தனம்: இந்து மதம் 294.5, இஸ்லாம் 297. ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுசாக. இரண்டாயிரம் வருடத் தமிழ் இலக்கியத்துக்கு ‘மற்ற மொழிகள்’ பகுதியில் 894.811. நம் ஊர்க் கிளை நூலகத்தில் பாதிக்கு மேற்பட்ட புத்தகம் அந்த ஒரே எண்ணில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம், அமெரிக்காவில் ஒருவர் தன் மேசையில் இருந்து பார்த்தபோது நாம் தூரத்தில் தெரிந்தோம். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூல்களை வகைப்படுத்தத் தானே ஒரு முறையை, கோலன் பகுப்பு முறையை, 1933இல் வெளியிட்டார் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம், அலமாரியில் டூயி எண் ஒட்டிக்கொண்டே.

வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கான ஹோவர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1930இல் வேலைக்குச் சேர்ந்த டோரத்தி போர்ட்டர் இதை நேருக்கு நேர் பார்த்தார். கறுப்பர் எழுதியது எதுவானாலும், கவிதையானாலும் சரி, 325 குடியேற்றம், 326 அடிமைமுறை என்ற இரண்டு எண்ணுக்குள் தள்ளுவது அப்போது வழக்கமாம். அவர் கவிதையைக் கவிதையில் வைத்தார், வரலாற்றை வரலாற்றில் வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை.

எண்ணை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. அலமாரி மேல் ஒட்டும் பெயர்ப்பலகை நம் கையில்தான். ‘ஆன்மிகம்’ என்று எழுதி ஒரே மதத்து நூல்களை மட்டும் அடுக்கி, குர்ஆனையும் பைபிளையும் ‘இதர மதங்கள்’ என்று கடைசித் தட்டில் வைத்திருக்கிறோமா? டூயி செய்ததை நாமும் செய்தோம், வேறு மதத்தை வைத்து.

இழிவாக எழுதப்பட்ட பழைய நூல்களைத் தூக்கிவிடலாமா?

கூடாது என்பது என் கட்சி. ரேகைப் பெரியவரின் பேத்தி கல்லூரிக்குப் போன பிறகு, தன் சாதியைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் என்ன எழுதினார்கள் என்று தேடி வந்தாள். அந்தப் பக்கங்கள் இல்லாமல் அவள் எப்படிப் பதில் எழுதுவாள்? புத்தகம் இருக்கட்டும். அதை நாம் எப்படி அறிமுகப்படுத்துகிறோம் என்பதில்தான் வேலை. நூல்பட்டியலில் ‘குற்றப் பழங்குடிகள்’ என்று நாமே பொருள்தலைப்புப் போட்டால் 1947இல் இங்கே ஒழிந்த சட்டத்தை நாம் இன்னும் நடத்துகிறோம் என்று பொருள். அந்தச் சமூகங்களுக்கு இப்போது வழங்கும் பெயரில் ‘சீர்மரபினர், வரலாறு’ என்று போடலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே, ஆவணமில்லாமல் குடியேறியவர்களுக்கு வைத்திருந்த ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற தலைப்பை மாற்றியது 2021இல்தான். ஒரு கல்லூரி மாணவர்கள் அதைக் கிளப்பியது 2014இல். ஏழு வருடம் இழுத்தது. நம்மிடம் ஒரு கிளை நூலகத்துப் பட்டியல்தான், ஒரு மத்தியானம் போதும்.

தலித் இலக்கியத்துக்குத் தனி அலமாரி வைக்கலாமா?

எனக்கு இன்னும் தீரவில்லை. தனியாக வைத்தோம், தேடி வந்தவர்களுக்கு உடனே கிடைத்தது. மற்றவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை, ஊருக்கு வெளியே இன்னொரு ஊர் மாதிரி ஆகிவிட்டது. நாவலோடு நாவலாகக் கலந்தோம், காணாமல் போனது. இப்போது கலந்து வைத்து, மாதம் ஒருமுறை வாசல் மேசையில் எடுத்து அடுக்குகிறேன். அங்கே வந்து படிக்கிற இளைஞர்கள் சிலரிடம் கேட்டபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒரு சமூகம் என்றால் ஒரே கருத்துத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தது என் தவறு.

சில பழங்குடிகள் தங்கள் பாடல், படங்களை எல்லோருக்கும் காட்ட வேண்டாம் என்கிறார்களாமே? நூல்கள் பயன்பாட்டுக்கே என்றாரே ரங்கநாதன்?

ஆஸ்திரேலியாவில் டெனன்ட் கிரீக் பகுதி வாருமுங்கு மக்களோடு சேர்ந்து ‘முகுர்டு’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கும்படி அமைத்தது. அங்கே நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் ‘இதில் இறந்தவர்களின் பெயரும் படமும் இருக்கலாம்’ என்று முன்னெச்சரிக்கை போடுவது சாதாரணம். அவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவை என்பதால் திருப்பிக் கேட்கிறார்கள்.

ஆனால் இதை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. ‘இது எல்லோருக்கும் ஆனதல்ல’ என்று சொல்லியே பலரைப் படிக்கவிடாமல் வைத்த நாடு இது. ஆகவே யார் மறைக்கச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அதிகாரம் பிடுங்கிக்கொண்டு போனதைத் திரும்பக் கேட்பவரா, அதிகாரத்தை விடமாட்டேன் என்பவரா?

பெண்கள் வருவதே இல்லை. அவர்களுக்கு ஆர்வமில்லையோ?

பேப்பர் மேசையைச் சுற்றிக் காலை முதல் இரவு வரை ஆண்கள். வழி அதைத் தாண்டித்தான். கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி ‘சார்’ கிட்ட. பெண்கள் பகுதி என்று கோலப் புத்தகமும் சமையல் புத்தகமும். இதற்குப் பெயர் ஆர்வமின்மையா? சாவியை ஆணியில் மாட்டினோம். மேசையைச் சுவரோரம் தள்ளினோம். மகளிர் குழு கூடுகிற இடத்துக்கு மாதம் ஒருமுறை ஒரு பை புத்தகம் எடுத்துப் போகிறேன். 1931லேயே மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு ஸ்கூட்டி இருக்கிறது.

தவறாகப் பேசிவிட்டேன் என்று பிறகு உறைத்தால்?

ஒருமுறை, சுருக்கமாக, மன்னிப்புக் கேளுங்கள். ‘நான் அந்த அர்த்தத்துல சொல்லல’ என்று பத்து நிமிடம் விளக்கினால், கடைசியில் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

நூலகத்தில் நான் ஒரே ஆள். தொகுப்பூதியம். பெருக்குவதும் நான்தான். இதற்கெல்லாம் நேரம் ஏது?

நியாயம். உங்களை யாரும் பணிவோடு நடத்துவதில்லை என்பதும் தெரியும். நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த மருத்துவர்கள் சேர்த்ததை மேலே இருப்பவர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள், பயிற்சி வகுப்போடு முடித்துக்கொள்வார்கள். படிவத்தை மாற்றச் சொல்லி மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய முடிந்த ஒன்று: ‘இல்லை’ நோட்டு. வாசகர் கேட்டு, நாம் ‘இல்லை’ என்றதையெல்லாம் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுவது. ஒரு நாளைக்கு இரண்டு வரி. நூல் கொள்முதல் பட்டியல் கேட்கும்போது அதைத்தான் எடுத்து அனுப்புகிறேன். என் நோட்டில் இந்த வாரப் பக்கம்: ஒடியா பேப்பர். பெரிய எழுத்தில் ராமாயணம். ஜேசிபி ரிப்பேர் பண்ணுவது பற்றித் தமிழில் ஏதாவது. வாக்ரிபோலியில் கதைப் புத்தகம்.

கடைசியதைக் கேட்டது நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வந்த எட்டு வயதுப் பெண். அந்த மொழிக்கென்று தனி எழுத்து கிடையாது என்று சொன்னேன். ‘அப்ப நான் சொல்றேன், நீங்க தமிழ்ல எழுதிக்கங்க’ என்றாள். இதுவரை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறோம். நரிக் கதை. பாதியில் நிற்கிறது, அவளுக்குப் பரீட்சை.